கிளேர்வுட் கொடுத்த காசு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழ்ப் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். இங்கே தமிழ்ப் பள்ளி என்றால் சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் நடக்கும் வகுப்பு. வருடக் கடைசியில் பிள்ளைகளுக்குச் சான்றிதழ், சின்னக் கோப்பை, ஒரு பொட்டலம் இனிப்பு கொடுப்பார்கள். அப்புறம் யாராவது மேடையேறி, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக, “ஒரு பஸ் டிரைவரின் மகள் ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆனார், திறமையும் விடாமுயற்சியும் இருந்தால் நீங்களும் ஆகலாம்” என்பார். கைதட்டல். பிறகு பிரியாணி.

அந்த மகள் நவநீதம் பிள்ளை. இந்த ஊரில் நவி பிள்ளை. மேடையில் சொல்லும் அந்தக் கதையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெண், ஒரு ஏணி, உச்சியில் ஐ.நா. என்று சுருக்கும்போது நிறைய பேர் அதிலிருந்து காணாமல் போகிறார்கள். சில வருடங்களாக என்னையும் அந்த மேடையில் பேசச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வாழ வந்தவள், தமிழைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவள், அவ்வளவுதான் என் தகுதி. நான் அந்தக் காணாமல் போனவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். கமிட்டியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதற்கான காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கிளேர்வுட். டர்பன் நகருக்குத் தெற்கே, துறைமுகத்தைத் தாண்டிப் போனால் வரும் இடம். இன்று அங்கே லாரிகளும் கிடங்குகளும்தான் கண்ணில் படும். நடுவே சுப்பிரமணியர் கோயில் மட்டும் விடாமல் நிற்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க, எங்கெங்கோ குடிபோன குடும்பங்கள் அங்கே திரும்பி வரும். ஒரு காலத்தில் அது கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்கள் காய்கறி போட்டு, மீன் பிடித்து, தகரமும் பலகையுமாக வீடு கட்டி வாழ்ந்த பகுதி. தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதைத் தொழிற்பேட்டையாக்க வேண்டும் என்று நகராட்சி பல பத்தாண்டுகள் முயன்றது. மக்கள் எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர்கள் எதிலிருந்து வெளியே வந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் வந்து நின்றது. 1911 வரை அப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1895இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் சுதந்திரமாக இங்கே வாழ நினைத்தால் ஆளுக்கு வருடம் மூன்று பவுண்டு வரி. ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள், முதல் வருடக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். சும்மா இருப்பதற்கு வரி! 1913இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்த பிறகுதான், 1914இல் அந்த வரி போனது. தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய் நோய்ப்பட்டு இறந்தது அந்தப் போராட்டத்தில்தான்.

ஆக, கிளேர்வுட்டில் ஒருவர் சொந்தமாக ஒரு தகர வீடு கட்டி, வாசலில் முருங்கை நட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார் என்றால், அதற்குள்ளேயே இரண்டு தலைமுறையின் விடாமுயற்சி செலவாகியிருக்கிறது. அவர்களுக்கு யாரும் கோப்பை கொடுக்கவில்லை.

பள்ளிக்கு அனுப்புவது என்று எளிதாக எழுதிவிட்டேன். பள்ளி இருந்தால்தானே அனுப்ப! இந்தியப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த பள்ளிகள் மிகவும் குறைவு. ஊர்க்காரர்களே நிலம் பார்த்து, பணம் திரட்டி, செங்கல் சுமந்து கட்டடம் எழுப்புவார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு மானியம் தரும். உதவிபெறும் பள்ளி என்று அதற்குப் பெயர். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் எத்தனையோ தலைமுறை இப்படிப்பட்ட பள்ளிகளில்தான் படித்தது. கோயில் திருவிழா வசூலும் பள்ளிக்கூட வசூலும் ஒரே கைகளில் நடந்தன. உயர்நிலைப் பள்ளியும் அப்படித்தான். 1927இல் இந்திய அரசின் ஏஜெண்டாக வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி முன்னின்று, இங்குள்ள இந்தியர்களிடம் நன்கொடை திரட்டி எழுப்பிய சாஸ்திரி கல்லூரி அதற்கு உதாரணம். 1890இல் மலபாரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து, ரயில் நிலையத்தில் வேலை செய்து, வாழைத் தோட்டம் போட்டுச் சம்பாதித்த எம்.எல். சுல்தான் பிற்காலத்தில் கொடுத்த பணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியே வந்தது. இன்று அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி.

இந்தப் பின்னணியில்தான் 1941இல் கிளேர்வுட்டில் ஒரு பஸ் டிரைவர் வீட்டில் நவநீதம் பிறந்தார். ஆறு வயதில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர் அவர். அப்பாவின் சம்பளப் பணம் திருடு போன வழக்கு. திருடியவனுக்குத் தண்டனை கிடைத்தது, பணம் வீட்டுக்குத் திரும்பவில்லை. பதினாறு வயதில் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளுக்கு மனித உரிமை மதிப்புகளைக் கற்றுக்கொடுப்பதில் தென்னாப்பிரிக்கப் பெண்களின் பங்கு என்பது பொருள். கட்டுரை அச்சில் வந்தது. அதைப் படித்துவிட்டு கிளேர்வுட்காரர்கள் பணம் திரட்டி அவரை நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்.

பரிசளிப்பு விழாப் பேச்சுகளில் வெட்டுப்படும் வரி இதுதான். 1950களின் கடைசியில், சர்க்கரை ஆலையிலும் துணி ஆலையிலும் மார்க்கெட்டிலும் வேலை பார்த்த ஆட்கள், தங்கள் வீட்டுப் பெண்ணே எட்டாவது தாண்டாத காலத்தில், அடுத்த தெருப் பெண் வக்கீலுக்குப் படிக்கக் காசு போட்டிருக்கிறார்கள். அந்தச் சில்லறைக்குப் பின்னால் எத்தனை வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப்பா சட்டம்?” என்று ஒருவராவது கேட்டிருப்பார். கேட்டுவிட்டுக் காசும் போட்டிருப்பார். நம் ஆட்களை எனக்குத் தெரியும்.

படித்து முடித்த பிறகு என்ன ஆயிற்று? எந்த வக்கீல் நிறுவனமும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. வெள்ளைக்கார ஊழியர்கள் வெள்ளையரல்லாத ஒருவரிடம் உத்தரவு வாங்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். வீட்டுக்காவலில் இருந்த என்.டி. நாயக்கர் என்ற வழக்கறிஞரிடம் பயிற்சி எடுத்தார். 1967இல் சொந்தமாகவே அலுவலகம் திறந்தார். நேட்டாலில் அப்படித் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் அவர்தான். வழக்காடலாம், வாதாடலாம், ஆனால் நீதிபதியின் அறைக்குள் மட்டும் கால் வைக்கக்கூடாது. தோல் நிறம் அப்படி.

அடுத்த இருபத்தெட்டு வருடம் அவர் செய்தது இந்த வேலைதான். இன ஒதுக்கலை எதிர்த்துச் சிறைப்பட்டவர்களுக்காக வழக்காடினார். அவருடைய கணவர் கேபி பிள்ளையும் வழக்கறிஞர். பயங்கரவாதச் சட்டத்தில் கணவரைப் பிடித்துப் போனபோது, விசாரணை என்ற பெயரில் காவல்துறை அவரை வதைக்கக்கூடாது என்று நவி பிள்ளை நீதிமன்றத்துக்குப் போனார். 1973இல், ராபன் தீவில் இருந்த அரசியல் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை வென்று கொடுத்தார். அந்தக் கைதிகளில் மண்டேலாவும் ஒருவர். பிறகு நாற்பது வயதுக்கு மேல் ஹார்வர்டுக்குப் படிக்கப் போனார். 1982இல் முதுகலை, 1988இல் முனைவர் பட்டம். அங்கே சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் தென்னாப்பிரிக்கர் அவர்.

1995இல் மண்டேலா அரசு அவரை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தது. அவர் முதன்முதலாக ஒரு நீதிபதியின் அறைக்குள் நுழைந்தது, அது தன்னுடைய சொந்த அறையாக இருந்தபோதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதே வருடம் ருவாண்டா இனப்படுகொலைக்கான ஐ.நா. தீர்ப்பாயத்துக்குத் தேர்வானார். தான்சானியாவின் அருஷா நகரில் விசாரணை. அங்கே முதல் சில வருடங்கள் ஒரே பெண் நீதிபதி அவர்தான். டாபா என்ற ஊரின் மேயராக இருந்த அகயேசு என்பவர் மீதான வழக்கில், முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற பேச்சே இல்லை. சாட்சிக் கூண்டில் நின்ற பெண்கள் வேறு எதையோ சொல்ல வந்து, தங்களுக்கு நடந்ததையும் சொன்னார்கள். நீதிபதிகள் அதைத் தாண்டிப் போகாமல் நின்று கேள்வி கேட்டார்கள். 1997இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று உலகில் முதல்முறையாகச் சொன்னது. அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். பதவி எல்லாம் அப்புறம். தீர்ப்பாயத்தின் தலைவர், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதி, 2008 முதல் 2014 வரை ஐ.நா. ஆணையர் என்று அந்தப் பட்டியலை விழாப் பேச்சாளர்கள் நன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். (2013இல் இலங்கைக்குப் போனபோது, அவர் தமிழர், அதனால் ஒரு பக்கம் சாய்கிறார் என்று அங்கே சிலர் சாடினார்கள். தான் தென்னாப்பிரிக்கர், அதில் பெருமைதான் என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.)

சரி, இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கமிட்டிக்குப் பிடிக்காமல் போனது இதற்குப் பிறகு நான் சொல்லும் இன்னொரு ஆளின் கதை.

பாப்வா செவ்கோலும். தமிழர் இல்லை, வடக்கேயிருந்து வந்த ஒப்பந்தக் குடும்பம். டர்பனில் அந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. உம்கேனி ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பீச்வுட் கோல்ஃப் மைதானம். அங்கே வெள்ளைக்காரர்களுக்குப் பை தூக்கும் கேடி வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. யாரும் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றார். வலது கைக்காரர்கள் மட்டையைப் பிடிக்கும்போது இடது கை மேலே, வலது கை கீழே இருக்கும். பாப்வா நேர்மாறாக, இடது கையைக் கீழே வைத்துப் பிடித்தார். அப்படிப் பிடித்து அடித்தால் பந்து கண்ட இடத்துக்கும் போக வேண்டும். இவர் அடித்தால் நினைத்த இடத்துக்குப் போனது.

எங்கள் பக்கத்துத் தெருவில், சாட்ஸ்வொர்த்தில், ஒரு அங்கிள் இருக்கிறார். சின்ன வயதில் அவரும் கேடி. குடும்பம் ரிவர்சைடில் இருந்தது. எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்து அங்கிருந்து கிளப்பிவிட்டது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாளில் கோயிலில் உட்கார வைத்துக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். “அவரு மட்டையைப் பிடிச்சா வெள்ளைக்காரன்லாம் சிரிப்பான் மா. அடிச்ச பெறகு சிரிக்கமாட்டான்.” கேடிப் பையன்கள் எல்லோரும் பாப்வா மாதிரியே கையை மாற்றிப் பிடித்துப் பார்த்தார்களாம். யாருக்கும் வரவில்லை.

கிரஹாம் வுல்ஃப் என்ற வேதியியல்காரர் பாப்வாவின் திறமையைப் பார்த்தார். நம் ஊர் விளம்பரங்களில் வருமே ஓலே, அந்த முகப்பூச்சை டர்பனில் முதலில் தயாரித்தவர் இவர்தான். தன் சொந்த விமானத்திலேயே பாப்வாவை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனார். 1959இல் டச்சு ஓப்பன் பட்டத்தை பாப்வா வென்றார். 1960இல் மறுபடி. 1964இல் இன்னொரு முறை. நடுவே 1963இல் பிரிட்டிஷ் ஓப்பனில் பதின்மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். கேடி வேலை பார்த்த, பள்ளிக்கூடம் போகாத ஒரு ஆள்!

1963இல் சொந்த ஊரில், டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் நடந்தது. வெள்ளைக்காரர்களோடு போட்டியிட்டு பாப்வா ஜெயித்தார். கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையரல்லாதவர் போகக்கூடாது. மழை பெய்தது. தோற்றவர்கள் எல்லோரும் உள்ளே. ஜெயித்தவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் கையில் அது ஒரு சாட்சியாகப் பல வருடம் இருந்தது.

அதோடு விட்டாரா? இல்லை. 1965இல் மறுபடி நேட்டால் ஓப்பனில் ஆடி, இந்த முறை கேரி பிளேயரையே தோற்கடித்தார். அந்த வருடமே அமெரிக்க ஓப்பனையும் வென்று நான்கு பெரிய பட்டங்களையும் பூர்த்தி செய்த அதே கேரி பிளேயர். விடாமுயற்சி என்றால் இதற்கு மேல் என்ன வேண்டும்?

அரசாங்கம் செய்தது இது: வெள்ளையர் ஆடும் போட்டிகளில் அவர் கலந்துகொள்ளக்கூடாது என்று தடை போட்டது, பார்வையாளராகக்கூட மைதானத்துக்குள் வரக்கூடாது என்றது, பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டது. உள்ளூரிலும் ஆட முடியாது, வெளியூரும் போக முடியாது. 1978இல், ஐம்பதை எட்டுவதற்குள்ளேயே, வறுமையில் செத்தார். இன்று ரெசர்வாயர் ஹில்ஸில் அவர் பெயரில் நகராட்சி கோல்ஃப் மைதானம் இருக்கிறது.

இதை முதல் தடவை மேடையில் சொல்லி முடித்தபோது மண்டபம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது. விழா முடிந்ததும் கமிட்டி ஆன்ட்டி ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கோபம் இல்லை, அக்கறைதான். “நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இந்தக் கதை? பிள்ளைங்களுக்குத் தைரியம் வர்ற மாதிரி சொல்லக்கூடாதா?” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளை கையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போது வறுமையில் செத்தவர் கதையை யார் கேட்பார்கள்?

ஆனால் என் எண்ணம் வேறு. அந்த மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களும் ஆயாக்களும் முப்பது நாற்பது வருடம் துணி ஆலையில், செருப்பு ஆலையில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். திறமையும் முயற்சியும் இருந்தால் மேலே வந்துவிடலாம் என்று மைக்கில் முழங்கினால், மேலே வராத அவர்களைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? திறமை இல்லை, இல்லாவிட்டால் சோம்பேறி என்றுதானே பேரப்பிள்ளை புரிந்துகொள்ளும்? பாப்வாவை வைத்துச் சொன்னால் அந்தத் தப்பான கணக்கு நிற்காது. அவரிடம் எது குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நவி பிள்ளையையும் பாப்வாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கோல்ஃப் ஆட வேறொருவருடைய புல்தரை வேண்டும், அனுமதி வேண்டும். அதைப் பிடுங்கிக்கொள்ள ஒரு கையெழுத்து போதும். சட்டப் படிப்பு தலைக்குள் இருந்தது. அவர்கள் போட்ட சட்டத்தையே அவர்கள் முன்னால் வாசித்துக் காட்டலாம். பாப்வாவைத் தூக்கிவிட்டது தனி ஒருவரின் நல்ல மனது. அரசு குறுக்கே நின்றதும் அந்த நல்ல மனதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நவி பிள்ளையின் பின்னால் ஒரு ஊர் இருந்தது. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது: 1994இல் ஆட்சி மாறியபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பாப்வா இறந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது.

அதனால் நான் பாப்வாவை விடவில்லை. ஆன்ட்டியும் விடவில்லை. போன வருடம் ஒரு சமரசத்துக்கு வந்தோம். பாப்வா கதையைக் கேடி அங்கிள் சொல்லட்டும் என்றார் ஆன்ட்டி. அங்கிள் மேடையேறி, வாக்கிங் ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்து, இடது கையைக் கீழே வைத்து, பாப்வா எப்படி நிற்பார் என்று நடித்துக் காட்டினார். மண்டபமே சிரித்தது. மழைக் கட்டம் வந்தபோது பையன் ஒருவன் எழுந்து, “தோத்தவங்க ஏன் வெளிய வந்து நிக்கல?” என்று கேட்டான். அங்கிளுக்குப் பதில் தெரியவில்லை. ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எங்கள் வகுப்பில் படித்து முடித்த ஒரு பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அரசு நிதியுதவித் திட்டம் குடும்ப வருமானம் வருடம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால்தான் கைகொடுக்கும். இவர்கள் வீட்டில் அப்பா, அம்மா இருவருக்கும் வேலை உண்டு, வருமானம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. உதவியும் கிடையாது, முழுக் கட்டணம் கட்டும் வசதியும் கிடையாது. இந்த நாட்டில் இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் நிறைய.

ஆன்ட்டி கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, முதல் வரியில் தன் பெயரையும் தொகையையும் எழுதி என் பக்கம் தள்ளினார். அடுத்து அங்கிள். ஒருவர், பெண் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டார். கணக்கியல் என்றதும், “டாக்டருக்குப் படிக்கலையா?” என்று முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொண்டே ஐந்நூறு ராண்ட் எழுதினார். முதல் தவணை கட்டியாயிற்று. இரண்டாவது தவணை ஜூலையில். நோட்டு இப்போது மாரியம்மன் கோயில் அலுவலக மேஜை டிராயரில் இருக்கிறது, கஞ்சி வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எடுப்போம்.